தேங்காய் விழுந்த பள்ளமும் சேர்த்துத்தான் என் மொரிஸ்

25,000 ரூபாய் என்று பேசித் தொடங்கிய வேலை 35,000 ரூபாயில் வந்து நிற்கிறது. மூன்று கிழமை என்றது ஏழு கிழமையாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு, தன் காரைக் கணினி விளையாட்டுக்குள் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் திருகோணமலைக்காரர் என் மொரிஸ் காரை அப்படி உள்ளே விட்டுத் தந்த இந்தக் கடைத் தம்பியிடம் போகலாம் என்றுதான் எழுதுகிறேன். போகும்போது அளவுநாடாவைக் கையோடு கொண்டுபோங்கள். ஏன் என்பது கீழே வரும்.

கடை உவர்மலை அடிவாரத்தில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. முன்பக்கத்தில் போட்டோப் பிரதி, கடவுச்சீட்டுப் படம், கைத்தொலைபேசித் திருத்தம். திரைச்சீலைக்கு அப்பால், பருத்த வரைகலை அட்டை பூட்டிய ஒரு கணினி, மேசை விளிம்பில் இறுக்கிய பந்தய ஸ்டியரிங், கால் உடைந்த ஒரு கதிரை. பெயரைப் போடாதீர்கள் சேர், ஒரு நேரத்தில் இரண்டு காருக்கு மேல் என்னால் தாங்காது என்று தம்பி கேட்டுக்கொண்டார். ஆகவே பெயர் இல்லை. விசாரித்தால் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும்.

என் கார் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. கறுப்பு நிறம், 948 சிசி எஞ்சின், 37 குதிரைவலு, ‘ஸ்ரீ’ எழுத்துள்ள பழைய இலக்கத் தகடு. கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து செம்மஞ்சள் கை ஒன்று எழும்பி வலம் இடம் காட்டும். 1961இல் தொழிற்சாலை அந்தக் கையை நிறுத்தி மினுங்கும் விளக்கு வைத்துவிட்டது. பொனட்டின் இடது பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. சாம்பல்தீவில் ஒரு கலியாண வீட்டு வளவில் நிறுத்தியிருந்தபோது தேங்காய் விழுந்தது. அப்பா அதைத் தட்டி எடுக்க யாரையும் விடவில்லை. நாங்கள் கலியாணத்துக்கு வந்ததற்கு அதுதான் சாட்சி என்பார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் பேரனுக்கு வயது 14. போன ஆடியில் இங்கே வந்து நின்றபோது இந்தக் காரில் நிலாவெளி வரை என்னோடு வந்தான். திரும்பிப் போய் இரண்டாம் நாள், அப்பப்பா, அதை என்னுடைய விளையாட்டுக்குள் அனுப்ப முடியுமா என்று கேட்டான். அப்படித்தான் நான் அந்த ஒழுங்கைக்குள் போனேன்.

தம்பி முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார், அதற்கு நல்ல புள்ளி போடுகிறேன். கிரான் டூரிஸ்மோ, ஃபோர்சா போன்ற விளையாட்டுகளில் அவர்கள் தரும் கார்களுக்கு நிறம் மாற்றலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம், அவ்வளவுதான். நம்முடைய வண்டியை உள்ளே விடமாட்டார்கள். இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014இல் வெளியிட்ட அசெட்டோ கோர்சா வேறு மாதிரி. கணினிப் பதிப்பில் காருக்கு ஒரு கோப்புறை. அதற்குள் உருவம் ஒரு கோப்பில், எஞ்சின் ஒரு கோப்பில், சக்கரங்களைத் தாங்கும் தொங்கல் அமைப்பு ஒரு கோப்பில், டயர் ஒரு கோப்பில். சரியாகச் செய்து உரிய இடத்தில் வைத்தால் பட்டியலில் கார் வந்து நிற்கும். பேரன் விளையாடுவதும் அதுதான். பீம்என்ஜி டிரைவ் என்ற விளையாட்டிலும் செய்யலாம். ஆனால் அங்கே மோதினால் வண்டி நிசமாகவே நசுங்க வேண்டும் என்பதால் தோலுக்குள்ளே எலும்புக்கூடு முழுவதையும் கட்ட வேண்டும், அது இரட்டை வேலை என்றார்.

பிறகு, 8,000 ரூபாய்க்கு ஒரு சுருக்கு வழி சொன்னார். இணையத்தில் எவரோ செய்துவைத்த மொரிஸை இறக்கி, கறுப்படித்து, என் இலக்கத் தகட்டை ஒட்டிக் கொடுப்பது. ஊரான் காணிக்கு என் பெயரில் உறுதி எழுதச் சொல்கிறீரா என்று கேட்டேன். விளங்கிக்கொண்டார்.

அடுத்ததாக ஒரு செயலி. ஒரே ஒரு படம் கொடுத்தால் மிச்சத்தை அதுவே கற்பனை செய்து முப்பரிமாணக் கார் ஒன்றைக் கொடுக்கும். இடது பக்கப் படத்தைக் கொடுத்தோம். வந்தது, நாலு நாள் குளித்த சவர்க்காரக் கட்டி. வலது பக்கத்தில் எந்தக் காருக்கும் பொருந்தக்கூடிய ஒரு கதவு. அச்செயலியின் பெயரை விட்டுவிடுகிறேன், இந்த வகை எல்லாமே காணாத பக்கத்தை ஊகித்துத்தான் வரைகின்றன. போகாத காணிக்கு வரைபடம் கீறிய அளவையாளர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு வேலை போயிற்று.

ஆம், நான் நில அளவைத் திணைக்களத்தில் 34 வருடம் இருந்தவன். 1800ஆம் ஆண்டு தொடங்கிய திணைக்களம், இந்த நாட்டில் அதைவிட வயதானவை அதிகமில்லை. தம்பி மூன்றாவது வழியை விளக்கத் தொடங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. காரைச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும் முந்திய படத்தோடு பாதிக்கு மேல் பொதுவாக இருக்க வேண்டும். ஒரே புள்ளி பல படங்களில் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று மென்பொருள் தேடிப் பிடித்து, கமரா நின்ற இடங்களையும் அந்தப் புள்ளி இருக்கும் இடத்தையும் ஒன்றாகக் கணக்கிடும். இதைத்தானே தம்பி நாங்கள் விமானப் படங்களை வைத்துச் செய்தோம்? 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுத்த இரண்டு படங்களை, கண்ணுக்கு ஒன்றாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்தால் மலை எழும்பி நிற்கும். அப்போது கண்ணும் கையும் செய்த வேலையை இப்போது ஓர் இரவில் பெட்டி செய்கிறது. மெஷ்ரூம் என்ற மென்பொருள் இலவசம், திறந்த மூலம். ரியாலிட்டிகேப்ச்சர் (2025 முதல் ரியாலிட்டிஸ்கேன்) என்பதை 2021இல் எபிக் கேம்ஸ் வாங்கியது. 2024 முதல், ஆண்டு வருமானம் பத்து லட்சம் டொலருக்குக் குறைந்தவர்களுக்கு அதுவும் இலவசம். உவர்மலை ஒழுங்கைக்கு அந்த வரம்பு தாராளமாகப் போதும்.

படம் எடுப்பதற்கு மூன்று நாள் போயிற்று.

முதல் நாள் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ். வெயில் இலைகளுக்கூடாக விழுந்து காரின்மேல் பொட்டுப் பொட்டாக ஓடியது. சுற்றி வருவதற்குள் பொட்டுகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. அன்றைக்கு எடுத்த 84 படங்களும் வீண்.

இரண்டாம் நாள், காற்றோட்டமாக இருக்கும் என்று டச்சுக் குடாக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். இது என் யோசனை, என் பிழை. மினுக்கிய கறுப்புக் காரைவிடப் பொல்லாத பொருள் இந்த வேலைக்குக் கிடையாது. மென்பொருள் தேடும் புள்ளி பொருளோடு ஒட்டி நிற்க வேண்டும். கறுப்புப் பெயின்ட்டில் தெரிந்ததெல்லாம் கடலும் வானமும் ஒரு மீன்பிடி வள்ளமும். நாம் நகர அவையும் நகர்ந்தன. கணினி கட்டித் தந்த காரில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் குகை ஒன்று இருந்தது. அதற்குள்ளே வெகுதூரத்தில், மெய்யாகவே, அந்த வள்ளம் நின்றது. அதைச் சட்டம் போட்டு வைத்திருக்கலாம்.

மினுக்கத்தைக் கொல்ல வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்று வெண்தூள் அடிக்கும் குப்பி விற்கிறார்கள், சில மணி நேரத்தில் தானே ஆவியாகிவிடும் வகையும் உண்டு. இங்கே அதற்கு எங்கே போவது? மூன்றாம் நாளுக்கு என் மனைவி அரிசிமாவும் மாவரியும் தந்தார். மார்கழி மாதம், விடியற்காலை, வானம் முழுக்க மூடிய முகில், நிழலே இல்லாத வெளிச்சம். பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு அருகே மைதானத்து ஓரம் நிறுத்தி, பனியில் ஈரலித்திருந்த காரின்மேல் மாவை அரித்தோம். கறுப்பின்மேல் வெள்ளைப் பொட்டுகள், ஒன்றைப்போல ஒன்று இல்லை. மென்பொருளுக்கு விருந்து. கண்ணாடிகளுக்குமேல் பழைய பத்திரிகைத் தாளைக் கஞ்சிப்பசையால் ஒட்டினோம், எழுத்துகளும் புள்ளிகள்தானே. போகிற வருகிறவர்கள் எல்லாம் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள். ஆம் என்று சொல்வதே இலகுவாக இருந்தது.

மூன்று சுற்று: முழங்கால் உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று, ஏணியில் நின்று ஒன்று. இரண்டாம் சுற்று பாதியில், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வந்து வலது மட்கார்ட்டை நக்கத் தொடங்கியது. பின்னால் இன்னும் இரண்டு. மா அவற்றுக்கும் பிடித்துவிட்டது. நக்கிய இடத்தில் பொட்டுகள் மாறிவிட்டதால் அந்தச் சுற்றை முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. தம்பி கோபிக்கவே இல்லை. மானைத் துரத்தவும் இல்லை. நக்கி முடிக்கும் வரை ஏணியில் உட்கார்ந்திருந்தார். மொத்தம் 312 படங்கள். பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, நிறத்துக்கும் இலக்கத் தகட்டுக்கும் தனியே 40 படம். மாப் பூசிய படத்தில் உருவம் கிடைக்கும், நிறம் கிடைக்காது.

கணினி ஓர் இரவு முழுவதும் ஓடியது. நடுச்சாமத்தில் மின்சாரம் போய் இன்னோர் இரவும் ஓடியது. வந்த உருவத்தைக் கண்டு நான் பேசாமல் நின்றேன். பொனட்டில் தேங்காய்ப் பள்ளம் இருந்தது. நேர்விளிம்பு வைத்து நான் அளந்த ஆழம் 11 மில்லிமீற்றர், திரையில் 10. வீட்டுக் காரில் இடது பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும், உள்ளே பட்டைவில் களைத்துவிட்டது. திரையிலும் அது தாழ்ந்திருந்தது. இந்த இடத்தில் தம்பியின் திறமையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை அதற்குப் பிறகு தொடங்குகிறது.

படங்களிலிருந்து வரும் உருவத்துக்கு வடிவம் உண்டு, அளவு கிடையாது. தீப்பெட்டிக் காரும் பெரிய காரும் அதற்கு ஒன்றுதான். நிலத்தில் நீளம் தெரிந்த ஒன்றைக் காட்டினால்தான் மிச்சம் எல்லாம் அளவுக்கு வரும். தம்பி பொனட்டின்மேல் பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்திருந்தார். அதன் இரு முனைகளையும் திரையில் தொட்டு 30 சென்ரிமீற்றர் என்று எழுதியிருந்தார். அடிமட்டத்தின் பூச்சியம் முனையில் இருப்பதில்லை. இரு பக்கமும் 6 மில்லிமீற்றர் சும்மா கிடக்கும். முனைக்கு முனை 31.2. அந்தச் சிறு பிழை 3.76 மீற்றர் நீளக் காருக்குப் போய்ச் சேர்ந்தபோது முழு வண்டியும் ஏறக்குறைய நான்கு சதவீதம் சுருங்கிவிட்டது. முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே 2184 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், திரையில் 2100. நான் முதல் வருடப் பயிலுநராக இருந்தபோது இதே பிழையை நிலம் அளக்கும் சங்கிலியில் விட்டு ஏச்சு வாங்கியவன் என்பதால் அவரை ஏசவில்லை. இரும்பு நாடாவைக் கொண்டுபோய்ச் சக்கர மையங்களை இரு பக்கமும் அளந்து கொடுத்தேன். காரின் அருகே தரையில் நாலு மீற்றர் இடைவெளியில் இரண்டு குறி போட்டு அவற்றையும் படத்துக்குள் பிடித்திருந்தால் இந்தத் தொல்லை வந்திராது. நீங்கள் போனால் முதல் வேலையாக அதைச் செய்விக்கவும்.

அடுத்தது பெரிய சண்டை. கணினி கட்டிய உருவத்தில் 48 லட்சம் முக்கோணங்கள். விளையாட்டு அதைத் தூக்கி ஓடாது. ஆகவே பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் அந்த உருவத்தின்மேல் மெல்லிய புதுத் தோல் ஒன்றைக் கையால் இழைக்க வேண்டும். ஒரு லட்சத்துச் சொச்சம் முக்கோணங்களுக்குள் அடங்க வேண்டும். சக்கரங்கள் நான்கும் தனித்தனிப் பொருளாக, விளையாட்டு எதிர்பார்க்கும் பெயரோடு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சுழலாது. பம்பர், சக்கர மூடி போன்ற குரோமியப் பகுதிகளைப் படத்திலிருந்து எடுக்கவே முடியாது, அவை கைவேலைதான். இவ்வளவும் நியாயம். ஆனால் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுபோல் தம்பியும் நேரத்தைச் சேமித்தார்: காரின் வலது பாதியை மட்டும் இழைத்து, இடது பாதியைக் கண்ணாடிப் பிம்பமாகப் பிரதி எடுத்தார்.

நான் போய்ப் பார்த்தபோது திரையில் ஒரு புத்தம் புது மொரிஸ் நின்றது. பள்ளம் இல்லை. இடது பின்பக்கம் தாழவில்லை. கடைக்கு வந்த இரண்டு பையன்கள் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ யாரோ ஒருவரின் கார் என் இலக்கத் தகட்டை மாட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. பிழைகளைத் திருத்திவிட்டேன் சேர் என்றார் தம்பி. வேலி வளைந்திருந்தால் வரைபடத்தில் வளைத்துத்தான் கீற வேண்டும், நிமிர்த்திக் கீறினால் அது பக்கத்து வீட்டுக்காரனோடு வழக்கு என்றேன். 312 படம் எடுத்து, மானுக்கு மா தீத்தி, கடைசியில் தொழிற்சாலைக் கார்தான் வரும் என்றால் அந்த 8,000 ரூபாய் மொரிஸில் என்ன குறை?

அடுத்த கிழமை கூப்பிட்டார். பள்ளம் வந்துவிட்டதாம். போய்ப் பார்த்தால் இரண்டு பள்ளம். பிம்பத்தை நிறுத்தாமலே இடது பக்கம் பள்ளத்தைச் செதுக்கியிருக்கிறார், வலது பக்கத்திலும் ஒரு தேங்காய் விழுந்துவிட்டது. இந்த முறை இருவருமே சிரித்தோம். மூன்றாவது தரம்தான் பிம்பத்தைக் கழற்றிவிட்டு இரு பாதியையும் தனித்தனியே படத்துக்குப் பொருத்தினார். அதற்கு 4,000 ரூபாய் மேலதிகம். கொடுத்தேன், ஆனாலும் இது என் தலையில் விழ வேண்டிய செலவு அல்ல என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. மற்ற 6,000 ரூபாய் காரின் உள்பக்கத்துக்கு. கார் என்று பேசினால் உள்ளும் புறமும் சேர்ந்தது என்று நினைப்பவர்கள் என்னைப்போல் ஏமாறாமல் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே நடுவில் ஒற்றைக் கண்ணாக இருக்கும் வேகமானி, அகன்ற ஸ்டியரிங், வெடித்த இருக்கைத் தோல் எல்லாம் அச்சாக வந்திருக்கின்றன என்பதால் அந்தக் காசுக்கு வருத்தமில்லை.

ஓட்டம்? தோல் சரியாக இருந்தாலும் எடை பிழை என்றால் கார் பலூன்போல் போகும். தம்பி இணையத்தில் கிடைத்த எண்களைப் போடப் பார்த்தார். நான் காரை ஒரு நெல் ஆலையின் லொறித் தராசில் ஏற்றினேன். முழுவதும் 780 கிலோ, முன் சக்கரங்கள் மட்டும் 430. அப்பாவின் பழைய திருத்தற் கையேட்டிலிருந்து எஞ்சின் எந்தச் சுழற்சியில் எவ்வளவு இழுக்கும் என்பதைப் பார்த்து அட்டவணையாக எழுதிக் கொடுத்தேன். முன்னால் முறுக்குக் கம்பி, பின்னால் பட்டைவில், நான்கிலும் டிரம் பிரேக். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதிய அந்தப் பிள்ளைக்கு எத்தனை புள்ளியும் போடலாம்.

சத்தம்தான் தோல்வி. மொரிஸில் வேகமிதியிலிருந்து காலை எடுத்தால் சைலன்சர் உதட்டைப் பிதுக்கி ஒரு நக்கல் விடும். அதைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் நான் வருவதை அறிவார்கள். விளையாட்டில் அதற்குப் பதில் வேறொரு சிறு காரின் குரல். வெவ்வேறு சுழற்சியில், சுமையோடும் சுமையில்லாமலும் பதிவுசெய்து கோத்தால்தான் உண்மைச் சத்தம் வரும், அந்தக் கருவி தன்னிடம் இல்லை என்று தம்பி ஒளிக்காமல் சொன்னார். உருவத்துக்குப் போங்கள், குரலுக்குப் போகாதீர்கள்.

கோப்புறையைச் சுருக்கிப் பேரனுக்கு அனுப்பினோம். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங்கின் பழைய வளையம், 20.8 கிலோமீற்றர், அதில் ஓட்டியிருக்கிறான். ஒரு சுற்றுக்கு 17 நிமிடம். ஏற்றத்தில் ஏறவே மாட்டேன் என்கிறது அப்பப்பா, ஏதோ பிழை என்று தொலைபேசியில் சொன்னான். எத்தனையாம் கியர் என்றேன். இரண்டு. உவர்மலை ஏற்றத்திலும் இரண்டுதான், பிழை ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினான், மறுமுனையில் அந்த வேற்றுக் குரல் மட்டும் கேட்டது. பிறகு, இதில் கை எழும்பவில்லையே என்றான்.

தூணுக்குள் இருக்கும் செம்மஞ்சள் கை. தம்பியிடம் கேட்டேன். பந்தய வண்டி திரும்புவதை எவருக்கும் அறிவிக்கத் தேவையில்லாததால் அந்த விளையாட்டில் பிறப்பிலேயே சைகை கிடையாதாம். ரசிகர்கள் எழுதிய ஒரு துணை நிரலைப் போட்டு, கைக்குத் தனியே அசைவு கொடுத்தால் எழுப்பலாமாம். அடுத்த கிழமை என்றார். மூன்று கிழமை ஆகிறது. முற்பணமும் இடையில் கொடுத்ததுமாக 30,000 அவர் கையில் இருக்கிறது. மிச்சம் 5,000 ரூபாய் என் சட்டைப்பையில், கை எழும்பும் வரை.